மீங் என்று கூப்பிடும் தெரு

கம்போடியாவின் பட்டாம்பாங் நகரத்தில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் காலை. எதிர்வீட்டுப் பாட்டி படியேறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது என் வயதை. பெயரை அப்புறம்தான் கேட்டார். எங்களுக்கு உதவ வந்திருந்த சபைத் தம்பி அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. 34 என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்தார். தன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "அவள் என் கடைசி மகள். உனக்கு மூத்தவள். அவளைப் பொங் என்று கூப்பிடு. என்னை ஓம் என்று கூப்பிடு. உன் பிள்ளைகளுக்கு நான் யேய்" என்றார். பொங் என்றால் அக்கா, அண்ணன். ஓம் என்றால் பெரியம்மா. யேய் என்றால் பாட்டி. சொல்லி முடித்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல மனுஷி, விசாரித்துவிட்டுப் போகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். இங்கே பேசும் கெமர் மொழி படிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் செய்த காரியம் புரிந்தது. அந்த மொழியில் பழகியவரைப் பார்த்து வெறுமனே 'நீங்கள்' என்று சொல்லிப் பேசுவதில்லை. அக்காவா, தங்கையா, மாமாவா, தாத்தாவா என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும். தன்னைச் சொல்வதற்கும் பெரும்பாலும் அதே உறவுச்சொல்தான். 'நான் வருகிறேன்' என்பதை ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது 'சித்தி வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாட்டி எங்களுக்குப் பேச ஓர் இடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருமே சீக்கிரம் அவரை யேய் என்றே கூப்பிடப் பழகினோம்.

நாங்கள் மிஷனரிகளாகக் கம்போடியாவுக்கு வந்தது 2018 ஜூன் மாதம், மழை தொடங்கும் சமயம். மகனுக்கு அப்போது 8 வயது, மகளுக்கு 4. எனக்கு ஊர் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம். எங்கள் ஜில்லாவில் மிஷனரி என்ற சொல் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1903-லேயே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கல் பகுதிக்கு நம் ஆட்களை அனுப்பினார்கள். தெலுங்கு தெரியாத குடும்பங்கள் ரயிலேறிப் போயின. என் ஆச்சி தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதம் ஒருமுறை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "ஊழியத்துக்குப் போனவங்க வயித்துக்கு" என்பார்கள். அந்தப் பானைக்கு மறுபக்கம் நான் ஒருநாள் நிற்பேன் என்று ஆச்சி எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சபையில் எங்களுக்கு வந்த நாளே பட்டம் கிடைத்துவிட்டது. என் கணவர் லோக் க்ரூ, நான் நேயக் க்ரூ. க்ரூ என்பது குரு. ஆசிரியருக்கும் போதகருக்கும் அந்தச் சொல்தான். நம் ஊரில் ஐயா, அம்மா என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தையில் ஒரு கட்டு கீரை வாங்கத் தெரியாத குருவாக இருந்தோம். முதல் இரண்டு வருடம் எதையும் நடத்தக் கூடாது, மொழி மட்டும் படிக்க வேண்டும் என்று அனுப்பியவர்கள் சொல்லியிருந்தார்கள். அது எவ்வளவு சரியான ஆலோசனை என்பது அதைப் பின்பற்ற முடியாமல் தவித்தபோதுதான் தெரிந்தது. வேலை செய்யத்தானே வந்தோம் என்று இருவருக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. மகாபலிபுரத்துக் கல்வெட்டுக்கும் இங்குள்ள கடைப் பலகைக்கும் அப்படியொரு தூரத்து உறவு. அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எளிதாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. மெய்யெழுத்துகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே உயிர்க்குறி, எந்தக் கூட்டத்து மெய்யோடு சேர்கிறதோ அதற்குத் தகுந்தபடி ஒலி மாறும். கூட்டெழுத்து வந்தால் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தின் காலடியில் சிறியதாகப் போய் உட்காரும். நம்மைப்போல் ஒரு புள்ளி வைத்து முடித்துவிட முடியாது. எண்களை மட்டும் மகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். ஐந்து வரைதான் தனிச்சொல். ஆறு என்பது ஐந்தும் ஒன்றும், ஏழு என்பது ஐந்தும் இரண்டும். ஒரு கையை விரித்து, மறு கையில் விரலைத் தூக்கி, "ப்ராம் மோய், ப்ராம் பீ" என்று படிக்கட்டில் உட்கார்ந்து யேயிடம் ஒப்பித்தாள்.

சாப்பாட்டில் நான் பயந்த அளவுக்கு அந்நியம் இருக்கவில்லை. காலையில் பெண்கள் தோளில் காவடிபோல் கூடை தொங்க நும் பஞ்சொக் விற்றுக்கொண்டு வருவார்கள். அது நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. புளிக்கவைத்த அரிசிமாவைக் கொதிநீரில் பிழிந்து எடுத்து, மேலே மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் அரைத்துவிட்ட மீன்குழம்பை ஊற்றித் தருவார்கள். முருங்கையை ம்ரும் என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சந்தையில் முதன்முதல் கேட்டபோது அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ராஹோக் வேறு கதை. தொன்லே சாப் ஏரியில் பிடித்த சிறு மீன்களை நசுக்கி, உப்பிட்டு, மாதக்கணக்கில் ஊறவைத்த விழுது அது. கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவளுக்கே முதல் முறை திறந்தபோது மூச்சு நின்றது. ஆனால் அந்த ஏரியைப் பற்றி அறிந்தபின் அந்த விழுதின்மேல் எனக்கு மரியாதை வந்தது. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே திரும்பி ஓடும். ஏரி பல மடங்கு விரிந்து, காடுகளை முழுக்கி, மீன்களுக்கு மேய்ச்சல் கொடுக்கும். மழை நின்றதும் தண்ணீர் மறுபடி வடியும்போது மீனும் சேர்ந்து வரும். வருஷம் முழுவதற்குமான குழம்பு அந்தச் சில வாரங்களில்தான் பானையில் அடைபடுகிறது.

தெருவில் யாரைப் பார்த்தாலும் "ஞாம் பாய் ஹௌய் நௌ?" என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இதற்கு எனக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

மகன் விஷயத்தை எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன். இப்போது 15 வயது ஆகிவிட்டதால் அவனிடமே கேட்டேன். எழுதுங்கள் என்றான். இங்கே அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு அரைநாள்தான் வகுப்பு, காலையிலோ மதியத்திலோ. அவனைக் காலை வகுப்பில் சேர்த்தோம். முதல் நான்கு மாதம் அங்கே அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு குறைந்துகொண்டே போயிற்று. ஒரு ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, "அம்மா, கடவுள் உங்களைக் கூப்பிட்டாரு, அப்பாவைக் கூப்பிட்டாரு. என்னை அவர் கேட்கவே இல்லையே" என்றான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் வசனம் எதுவும் இருக்கவில்லை. மேடைகளில் அழைப்பைப் பற்றிச் சாட்சி சொன்னவள் நான். பிள்ளைகளையும் தேவன் இதற்காகவே தந்தார் என்று சொல்லிவிடுவது எளிது. அதை நான் நம்பவும் செய்கிறேன். ஆனால் 8 வயதுப் பையனுக்கு அது பதில் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதை ஊருக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் எழுதாமல் மறைத்தோம், எங்களை அனுப்பியவர்கள் சோர்ந்துவிடக் கூடாதே என்று. இன்று யோசித்தால் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அவனை மீட்டது எங்கள் ஆலோசனை இல்லை. யேயின் பேரன் ஒருவன் சங்க்கே ஆற்றில் தூண்டில் போட அவனைக் கூட்டிக்கொண்டு போனான். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. மூன்று வாரம் கழித்து மீன்களின் பெயர்களோடு வீட்டுக்கு வந்தான். அப்புறம் வசவுச் சொற்களும் வந்தன.

அதே வருடத்தில் நடந்த ஒரு தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. பட்டணத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவில் ஒரு கிராமத்தில் சிறிய சபை இருக்கிறது. தென்னோலை வேய்ந்த ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஊரில் மரியாதைப்பட்ட ஒரு முதியவர், விசுவாசி அல்லாதவர், முழங்கால் வலிக்காக ஜெபிக்கச் சொல்லி வந்தார். என் கணவர் நம் ஊர்ப் பழக்கப்படி அவர் தலையில் கை வைத்தார்.

கூடம் முழுவதும் பேச்சு அடங்கிவிட்டது. கெமர் மக்களுக்குத் தலை உடம்பிலேயே உயர்ந்த, புனிதமான இடம். மூத்தவர் தலையை இளையவன் தொடுவது பெரிய அவமரியாதை. கும்பிடுவதில்கூட அவர்களுக்குப் படிகள் உண்டு. ஒத்த வயதினருக்கு மார்பருகே, பெரியவர்களுக்கு வாயருகே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கருகே, பிக்குகளுக்குப் புருவத்தருகே கை போகும். அவ்வளவு கவனமாகத் தலையைச் சுற்றி மரியாதை கட்டிவைத்த ஊரில், 37 வயது அந்நியர் ஒருவர் 70 வயதுக்காரரின் உச்சியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதியவர் அசையவில்லை. ஜெபம் முடியும்வரை இருந்து, கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். திரும்ப வரவேயில்லை. மறுநாள் விவரம் தெரிந்து, என் கணவர் பழக்கூடையோடு அவர் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அவர் அன்பாகத்தான் பேசினார். ஆனாலும் அந்த வழி அடைபட்டது அடைபட்டதுதான். அதற்குப் பிறகு நாங்கள் ஜெபிக்கும்போது எதிரில் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம், அதுவும் கேட்டுவிட்டு.

இந்த மொழி எங்களுக்கு வேதத்தையே வேறுவிதமாக வாசிக்கக் கொடுத்தது. கெமரில் ராஜாவுக்குத் தனி வினைச்சொற்கள் உண்டு. நாம் சாப்பிடுவது ஞாம், பிக்கு சாப்பிடுவது சான், ராஜா சாப்பிடுவது சாவ்ய். போவதற்கும் பேசுவதற்கும் அப்படியே தனிச் சொற்கள். கெமர் வேதாகமத்தில் இயேசுவுக்கு அந்த ராஜசொற்கள்தான். நம் தமிழ் வேதாகமத்தில் அவர் போனார், சொன்னார், என்றார். இங்கே அவர் மண்ணில் நடந்தாலும் அரசர் எழுந்தருளுகிற சொல்லில்தான் நடக்கிறார். முதலில் எனக்கு இது அவரை மக்களிடமிருந்து தூரமாக்குவதாகத் தோன்றியது. ஒருநாள் கிராமத்து வாலிபர்களோடு யோவான் 21-ஐ வாசித்துக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். ஒரு பையன், செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், நிறுத்தச் சொன்னான். "ராஜசொல்லில் பேசுகிறவர் மீன் சுடுகிறாரா? இவர்களுக்காகவா?" என்றான். கரியடுப்பை விசிறி விசிறி மீன் சுடுவது அவன் அம்மா தினமும் செய்கிற வேலை. பல வருடம் நான் கேட்ட பிரசங்கங்களில் அந்த அதிகாரம் இப்படித் திறந்ததில்லை.

இன்னொரு சொல் குன். நம் குணம் என்ற சொல்தான், ஆனால் இங்கே அதற்குப் பொருள் ஒருவர் நமக்குச் செய்த நன்மை, தீர்க்க முடியாத நன்றிக்கடன். தாய்க்கு, தகப்பனுக்கு, ஆசிரியருக்கு நாம் பட்டிருப்பது குன். நன்றி சொல்லும்போது ஓ குன் என்கிறோம், உங்கள் குன்னில் மகிழ்கிறேன் என்பதுபோல. வேதாகமத்தில் கிருபை என்று வரும் இடத்தில் ப்ரேஹ் குன். இதை அகராதியில் பார்த்து எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டது மகளுக்கு டெங்கு வந்தபோதுதான்.

ஊரில் நான் நர்ஸாக வேலை பார்த்தவள். டெங்குவில் எந்த நாள் ஆபத்து, எப்போது தட்டணுக்கள் இறங்கும், காய்ச்சல் விட்டபின்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். தன் பிள்ளை என்றதும் கை நடுங்கியது. யேய் நாணயத்தை எடுத்துவந்து முதுகில் தேய்த்துவிட வேண்டும் என்றார். காற்றைச் சுரண்டி எடுப்பது என்று இங்கே எல்லா வீட்டிலும் செய்வார்கள், தோலில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழும். ரத்தம் கசியக்கூடிய காய்ச்சல், வேண்டாம் என்று தடுத்தேன். என் கெமர் அப்போது முரட்டுத்தனமானது, மறுப்பை மிருதுவாக்கத் தெரியாது. யேயின் முகம் வாடியது. சரி, இத்தோடு உறவு போயிற்று என்று நினைத்தேன். சாயங்காலம் இளநீரோடு வந்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து ராத்திரி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, தன் க்ரமாத் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். நான் கண்ணயர்ந்தால் அவர் விழித்திருப்பார். வீட்டுக்கு வந்த அன்று ஓ குன், ஓ குன் என்று அழுதேன். "அத் ஏய் தே" என்றார், ஒன்றும் இல்லை என்று. கொடுக்க வந்தவர்கள் என்று எங்களைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் அந்த ஐந்து ராத்திரி அழித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தெருப்பிள்ளைகள் என்னை நேயக் க்ரூ என்பதை விட்டுவிட்டு மீங் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மீங் என்றால் சித்தி.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அசனப் பண்டிகைப் பந்தியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "எத்தனை ஆத்துமா கிடைச்சிருக்கு?" அன்பான மனிதர், மாதாமாதம் எங்களுக்குக் காணிக்கை அனுப்புகிறவர். மூன்று வருடத்தில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் உண்மை. அதை அப்படியே சொன்னேன். அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தக் கேள்வி கேட்கவே கூடாதது என்று நான் சொல்லமாட்டேன். சுவிசேஷம் சொல்லத்தான் வந்தோம். ஆனால் அதற்கு ஆகும் காலத்தை நாம் மறந்துவிடுகிறோம். புரொட்டஸ்டண்ட் மிஷனரிகள் இந்த நாட்டுக்கு வந்தது 1923-ல், ஹாமண்ட், எலிசன் என்ற இரண்டு குடும்பங்கள். எலிசன் குடும்பம் குடியேறியது எங்கள் பட்டாம்பாங்கில்தான். ஹாமண்ட் மொழிபெயர்த்த முழு வேதாகமம் அச்சாகி வெளிவந்தது 1954-ல். முப்பத்தொரு வருடம். அப்புறம் 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படைகள் தலைநகருக்குள் வந்தன. 1979 ஜனவரி வரை நீடித்த அந்த ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் செத்தார்கள். சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதில் போனார்கள். கிறிஸ்தவர்கள் மறுபடி வெளிப்படையாகக் கூட அனுமதி வந்தது 1990-ல். இன்று நாங்கள் பாடும் பாட்டும் வாசிக்கும் வேதமும் அப்படித் தப்பிப் பிழைத்தவர்கள் கையிலிருந்து எங்களுக்கு வந்தவை. பௌத்தம் அரசியல் சாசனப்படி அரச மதம். மற்றவர்களுக்கு வழிபடச் சுதந்திரம் உண்டு, வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்ய அனுமதி இல்லை. எனக்கு அதில் குறையில்லை. இந்தத் தெருவில் யார் வீட்டுக்கும் நான் துண்டுப்பிரதியோடு போக வேண்டிய அவசியம் இல்லை, ப்ராஹோக் கடன் கேட்கப் போகிறேன்.

இப்போது ப்சும் பென் நடந்துகொண்டிருக்கிறது. நம் மகாளய பட்சத்தை ஒட்டி வரும் பதினைந்து நாள். பென் என்பது பிண்டம். விடியுமுன், இருட்டில், வாட் என்கிற பௌத்தக் கோவிலைச் சுற்றி வந்து சோற்றுருண்டைகளைத் தரையில் எறிவார்கள். இறந்தவர்களின் ஆவிகள் இந்த நாட்களில் விடப்பட்டு, தங்கள் உறவினரைத் தேடி ஏழு வாட்கள்வரை அலையும் என்பது நம்பிக்கை. முதல் வருடம் இந்த நாட்களில் நாங்கள் கதவை அடைத்துக்கொண்டு உபவாச ஜெபம் செய்தோம்.

யேயின் கணவரையும் மூத்த மகனையும் 1977-ல் கெமர் ரூஜ் ஆட்கள் வயல் வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது 10 வயது. எங்கே என்று இன்றுவரை தெரியாது, கல்லறை இல்லை. எங்கே தேடுவானோ என்று வருஷா வருஷம் ஏழு வாட்டுக்கும் போகிறார். கடைசி மகள் வேலைக்காகத் தாய்லாந்து போய்விட்டதால் இந்த வருஷம் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. என்னிடம் கேட்டார். நானும் என் கணவரும் ராத்திரி வெகுநேரம் பேசினோம், ஜெபித்தோம். "கூட்டிட்டுப் போ" என்றார் என் கணவர். இதைப் படிக்கும் நம் சபையார் சிலருக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். நான் உருண்டை பிடிக்கவில்லை, உள்ளே போகவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டார், "மீங், நீ கும்பிடுகிறவர் தொலைந்தவர்களைத் தேடுவார் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாரே. செத்தவர்களையும் தேடுவாரா?" பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதுபோல் அவரும் என்னை மீங் என்றுதான் கூப்பிடுகிறார். கெமரில் எனக்கு அதற்கு வாக்கியம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்குமா என்று சந்தேகம்தான். பையனின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. மகள் அதைச் சரியான உச்சரிப்போடு சொல்கிறாள்.

இன்னும் ஐந்து வாட் பாக்கி. காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். வண்டிக்கு எண்ணெய் போட்டாயிற்று.